டொயோட்டா 86: கெந்திங் இறக்கத்தில் பெடல் மெத்தென்று போகிறது, எந்த பிரேக் பேட் வாங்கலாம்?

கிள்ளான்_86

வணக்கம் நண்பர்களே. அண்மையில் ஒரு பழைய டொயோட்டா 86 வாங்கினேன். 2013 மாடல், மேனுவல் கியர், தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. முன்பு வைத்திருந்தவர் சர்வீஸ் புத்தகத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார், அதனால் எதை எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை. தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன், வார இறுதியில் கெந்திங் மலைக்கோ உலு யாம் பக்கமோ போவேன், வருடக் கடைசிக்குள் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டேயும் (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டிப் பார்க்க ஆசை.

பிரச்சினை இதுதான். மலை ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது கோத்தோங் ஜெயா தாண்டிக் கீழே வர வர பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிடுகிறது, வழக்கத்தைவிட ஆழமாக மிதித்தால்தான் பிடிக்கிறது, கருகிய வாடையும் வருகிறது. கீழே ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் விட்டால் பழையபடி சரியாகிவிடுகிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், ரேசிங் பேட் போட்டு, துளை போட்ட டிஸ்க்கும் நான்கு பக்கமும் மாற்றிவிடுங்கள் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள்.

செலவு செய்யத் தயங்கவில்லை, ஆனால் தேவையானதற்குச் செய்ய வேண்டும். மனைவியும் பிள்ளையும் ஏறும் வண்டி. எந்த பேட் நல்லது, டிஸ்க் மாற்றத்தான் வேண்டுமா, பிரேக் தவிர இந்த வண்டியில் முதலில் எதையெல்லாம் மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டறைக்காரன்_பிஜே

தம்பி, பேட் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பெடல் மெத்தென்று கீழே போகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஆயிலைத்தான். பேட் சூடு தாங்காமல் போனால் பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டிதான் நிற்காது. ஆயில் கொதித்தால் கதை வேறு. குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், திரவம் அமுங்காது ஆனால் ஆவி அமுங்கும், நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும், பெடலும் பழையபடி வந்துவிடும். அரை மணி நேரத்தில் சரியாகிறது என்கிறீர்களே, அது இதற்கு அப்படியே பொருந்துகிறது. கருகிய வாடை வருவதால் பேட்டும் நன்றாகச் சுட்டிருக்கிறது, அது வேறு, ஆனால் பெடல் கீழே போவது ஆயிலால்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரப்பர் குழாய் வழியாகக்கூட. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) என்றால் புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4 புதிதில் 230, ஈரத்தோடு 155. டாட் 5.1 புதிதில் 260, ஈரத்தோடு 180. ஈரம் ஏறியது என்று இந்தத் தரக் கணக்கில் சொல்வது 3.7 சதவீதத் தண்ணீரை. நம் ஊர் புழுக்கத்தில், சர்வீஸ் புத்தகமே இல்லாத வண்டியில், உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 140, 150 டிகிரி என்பதெல்லாம் மலை இறக்கத்தில் காலிப்பருக்கு (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சாதாரணமாக ஏறிவிடும் சூடு.

அதனால் முதல் வேலை ஆயிலை முழுசாக மாற்றுவது. மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றித் தருவார்கள் சில இடங்களில், அதில் பயனே இல்லை, கொதிப்பது காலிப்பருக்குள் இருக்கும் ஆயில்தான். நான்கு சக்கரத்திலும் ப்ளீடர் நிப்பிளில் (காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் சின்ன முனை) கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி இறக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள். முதலில் கறுத்த ஆயில் வரும், நடுநடுவே சின்னச் சின்னக் குமிழ் வரும், அப்புறம் நிறம் வெளுத்துக்கொண்டே வந்து புது ஆயிலின் நிறத்துக்கு வரும். அதுவரை விடக்கூடாது, அதே நேரம் மேல் டப்பா காலியாகவும் விடக்கூடாது, காலியானால் காற்று புகுந்துவிடும். நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிக்கோன், கையில்கூட எடுக்காதீர்கள், நம் வண்டிக்கு ஆகாது, இருப்பதோடும் கலக்கக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். திறந்து வைத்த பழைய பாட்டிலில் மிச்சம் இருப்பதை ஊற்ற விடாதீர்கள்.

இன்னொன்று, கெந்திங்கில் எந்த கியரில் இறங்குகிறீர்கள்? ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று எங்கள் காலத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், அது இன்றைக்கும் சரிதான். இரண்டிலோ மூன்றிலோ போட்டு என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் நன்றாக அழுத்தி விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே கீழே வரை வருவதுதான் மிக மோசமான பழக்கம், ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. 2013 ஆகஸ்டில் அந்தப் பாதையில் பேருந்து விழுந்து 37 பேர் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மலையில் பிரேக்கைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்வேன்.

சக்கரத்தைக் கழற்றி பேட் எவ்வளவு மிச்சம் என்று உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் பார்த்து எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.


ஜூரோங்_ஓட்டி

அண்ணன் சொன்னது முழுக்க சரி. நானும் 86தான் வைத்திருக்கிறேன், சிங்கப்பூரிலிருந்து சிப்பாங்குக்கு ஓட்டிக்கொண்டு வருகிற கூட்டத்தில் ஒருவன். பேட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் மலையும் டிராக்கும் ஒரே பிரச்சினை என்று நினைத்துத்தான் பலர் தப்பான பேட்டை வாங்குகிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் 86 ஏறக்குறைய 1,400 கிலோ. அது ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர், இறக்கம் ஆயிரத்துக்குக் குறையாது). வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 13.7 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் நாற்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். என்ஜினும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனையும் நான்கு டிஸ்க்கில்தான் இறங்கும், முன் இரண்டில் பெரும்பங்கு. சிப்பாங்கில் நீண்ட நேர்ப்பாதை முடிவில் 180இலிருந்து 70க்குப் பிடித்தால் சுமார் 1.5 மெகாஜூல், ஆனால் அது சில நொடிகளுக்குள்.

அதாவது மலையில் மொத்தச் சூடு அதிகம், ஆனால் மெதுவாக ஏறுகிறது, வண்டி வேகம் குறைவு என்பதால் ஆற்றும் காற்றும் குறைவு, சூடு டிஸ்க்கிலிருந்து பேட்டுக்கும் பேட்டிலிருந்து பிஸ்டனுக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் நிதானமாகப் போய்ச் சேர அவகாசம் இருக்கிறது. டிராக்கில் பேட்டின் முகம் சட்டென்று 500 டிகிரிக்கு மேலே போகும், அப்புறம் நேர்ப்பாதையில் காற்று வாங்கி இறங்கும். மலைக்கு மருந்து ஆயிலும் கியரும். பேட்டின் தரம் முதலில் பேச வருவது டிராக்கில். நீங்கள் சொன்ன பட்டறை மலைப் பிரச்சினைக்கு டிராக் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறது.

தினமும் ஓடும் வண்டிக்கு அசல் ரேசிங் பேட் போடவே போடாதீர்கள். அந்தக் கலவைகள் சூடேறினால்தான் கடிக்கும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் முச்சந்தியில் யாராவது குறுக்கே வந்தால் உங்கள் டிஸ்க் 40 டிகிரியில் இருக்கும், பேட் வழுக்கும், நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் வண்டி நிற்காது. அதோடு கீச்சென்று கத்தும், டிஸ்க்கைத் தின்னும், தூசி ரிம்மில் ஒட்டி மழையில் நனைந்து துருப்புள்ளியாகப் படியும். ஊருக்குள் ஓட்டும்போது டிஸ்க் 200 டிகிரியைத் தாண்டுவதே அரிது, அந்தச் சூட்டில் நன்றாகப் பிடிப்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

பேட்டின் ஓரத்தில் அல்லது முதுகில் எண்களோடு இரண்டு எழுத்து அச்சடித்திருப்பார்கள், எஃப்எஃப், ஜிஎஃப் என்று. முதல் எழுத்து குறைந்த சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்இ என்று இருந்தால் சூட்டில் பிடி குறைகிறது என்று பொருள், மலைக்குப் போகிறவர் அதைத் தவிர்க்கலாம். ஆனால் அதிகச் சூடு என்று இந்தச் சோதனை சொல்வது ஏறக்குறைய 340 டிகிரி வரைதான், அதனால் டிராக்கைப் பற்றி இந்த எழுத்து எதுவும் சொல்லாது. ஐரோப்பியப் பேட் என்றால் ஆர்90 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கம்பெனி பேட்டின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அந்த விதி.

என் யோசனை: இப்போதைக்கு கம்பெனி பேட் அல்லது நல்ல ஸ்ட்ரீட் பேட். சிப்பாங் போக முடிவானதும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் எண்ட்லெஸ் எம்எக்ஸ்72, புரோஜெக்ட் மியூ எச்சி+, ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி ஒன்று. இவை ரோட்டிலும் ஓட்டலாம், டிராக்கிலும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குத் தாங்கும், கொஞ்சம் சத்தமும் தூசியும் உண்டு. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலக்காதீர்கள், பின்பேட் முன்பேட்டைவிட அதிகமாகக் கடித்தால் வளைவில் பிரேக் பிடிக்கும்போது வால் வெளியே போகும்.

ஆர்டர் போடும் முன் உங்கள் வண்டியில் என்ன காலிப்பர் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சாதாரண 86க்கு முன் டிஸ்க் 294 மில்லிமீட்டர், சறுக்கும் வகைக் காலிப்பர், 86இன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்டின் அதே வகை பேட் பொருந்தும். பிரெம்போ செட் உள்ள வண்டியில் முன்னால் நான்கு பிஸ்டன், 326 மில்லிமீட்டர் டிஸ்க், பேட் வேறு. 2013இல் உங்களுக்குக் கம்பெனியிலிருந்து பிரெம்போ வந்திருக்காது, ஆனால் முந்தைய ஆள் மாற்றியிருக்கலாம்.


ஈப்போ_ஆட்டோ

எதற்கு இவ்வளவு? கம்பெனி பேட் போட்டு எத்தனை பேர் கேமரன் மலை ஏறி இறங்குகிறார்கள். தம்பி, வண்டி இப்போது ரோட்டில்தானே ஓடுகிறது. டொயோட்டா கடையிலேயே போய்ச் சேசிஸ் எண் சொல்லி ஒரிஜினல் பேட் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஜப்பான் பெயர் போட்ட பேட்டை மட்டும் தொடாதீர்கள். பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே கலவை என்னவென்று யாருக்கும் தெரியாது, சூடேறியதும் இரும்புத் தகட்டிலிருந்து கலவை பெயர்ந்து வந்த பேட்டை என் கையால் எடுத்திருக்கிறேன். பிரேக்கில் மலிவு பார்க்க வேண்டாம்.

துளை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம். துளையைச் சுற்றி முடி மாதிரி விரிசல் விடும், டிராக் போகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். வழவழப்பான சாதா டிஸ்க், காற்றோட்டத் தடம் உள்ளே இருப்பது, அதுதான் நல்லது. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் எழுதியிருக்கும், மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள், அதற்கு மேலே இருந்து, விரிசலும் ஆழக் கோடும் இல்லை என்றால் மாற்றத் தேவையில்லை.


கிள்ளான்_86

எல்லோருக்கும் மிக்க நன்றி அண்ணே. இன்று நண்பன் வீட்டில் ஜாக் வைத்துக் கழற்றிப் பார்த்தோம். சாதா காலிப்பர்தான், பிரெம்போ இல்லை. ஆயில் கறுப்பாக இருக்கிறது. டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலேதான், கோடு பெரிதாக இல்லை. ஆனால் ஒன்று புரியவில்லை: வலது முன் சக்கரத்தில் இரண்டு பேட்டும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இருக்கிறது, இடது முன்னில் உள் பேட் 3, வெளி பேட் 7. ஒரே காலிப்பரில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? பேட்டின் தரம் காரணமா?


ஸ்காபரோ_பிஆர்இசட்

தம்பி, அது பேட்டின் பிழை இல்லை. கலிப்பரின் சறுக்குப் பின் (கலிப்பர் முன்னும் பின்னும் சறுக்கி நகரும் கம்பி, ஸ்லைட் பின்) இறுகியிருக்கிறது. நான் ரொறன்ரோவில் பிஆர்இசட் வைத்திருக்கிறேன், இங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவதால் எங்களுக்கு இது ஒவ்வொரு வசந்தத்திலும் பார்க்க வேண்டிய வேலை. மலேசியாவில் உப்பு இல்லை, ஆனால் ரப்பர் உறை கிழிந்து மழைத் தண்ணீர் உள்ளே போனால் அதே கதிதான்.

இந்த வகைக் கலிப்பரில் பிஸ்டன்கள் உள்பக்கம் மட்டும்தான். பிறேக் பிடிக்கும்போது பிஸ்டன் உள் பேட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுதும் பின்னில் சறுக்கி வந்து வெளி பேட்டை இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். பின் இறுகினால் கலிப்பர் சறுக்காது, உள் பேட் மட்டும் வேலை செய்யும், விட்ட பிறகும் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் சூடும் உங்கள் ஆயிலைக் கொதிக்க வைப்பதில் பங்கு எடுத்திருக்கும். நெடுஞ்சாலையில் பிறேக் அதிகம் பிடிக்காமல் ஓடிவந்து நிறுத்திய உடனே இரண்டு முன் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட வேண்டாம்), இடது பக்கம் அதிகமாகச் சுட்டால் சந்தேகமே இல்லை.

இரண்டு பின்னையும் கழற்றுங்கள். ஒன்றுபோல் இருக்காது, ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கலாம், எது எந்தத் துளையில் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். பழைய கிரீஸை முழுதாகத் துடைத்து, துரு இருந்தால் பின்னையே மாற்றி, பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண பெற்றோலியக் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப் போய்த் திரும்பவும் இறுகிவிடும். பின் கையால் தள்ளினால் தடையில்லாமல் போய் வர வேண்டும். பேட்டின் காது உட்காரும் தகடுகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், பேட் அங்கே இறுகினாலும் இதே விளைவுதான். பின்னும் தகடும் சரி, பிஸ்டனும் தடையில்லாமல் உள்ளே போகிறது என்றால்தான் புது பேட் போட வேண்டும். பிஸ்டனே இறுகியிருந்தால் ரப்பர் சீல் செட் வாங்கிக் கலிப்பரைப் பிரித்துச் செய்ய வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழிந்துவிடாமல் பாருங்கள், பிறேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். கழற்றிய கலிப்பரை ரப்பர் குழாயில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள். சக்கர நட்டு 120 நியூட்டன் மீட்டர், டோர்க் ரென்ச் வைத்து நட்சத்திர வரிசையில்.


கிள்ளான்_86

நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது அண்ணா. கீழ்ப் பின் கையால் அசைக்கவே முடியவில்லை, உறை கிழிந்து உள்ளே துரு. புதுப் பின், உறை, தகடு செட் சொல்லிவிட்டேன். பிஸ்டன் நன்றாகத்தான் போகிறது. முன் பேட் கம்பெனி பேட்டே சொல்லியிருக்கிறேன், சிப்பாங் செட்டை அப்புறம் பார்க்கலாம். இனி பிரேக் தவிர மற்றதைச் சொல்லுங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிளக் எல்லாம் எந்த வரிசையில் செய்வது?


பட்டறைக்காரன்_பிஜே

நல்லது தம்பி. மற்றதைச் சொல்வதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். 2012, 2013இல் தயாரான 86, பிஆர்இசட் வண்டிகளுக்கு வால்வ் ஸ்பிரிங் முறியக்கூடும் என்று 2018 நவம்பரில் ரீகால் (வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவித்தார்கள். உங்கள் வண்டி அந்தக் காலத்துக்குள் வருகிறது. டொயோட்டா சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் வண்டி அதில் இருக்கிறதா, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். என்ஜினை இறக்கிச் செய்யும் வேலை அது, அதனால் செய்திருந்தால் முன்மூடி ஓரமெல்லாம் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். இதை விசாரிக்காமல் டிராக்குக்குப் போக வேண்டாம்.

என்ஜின் ஆயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு 5.4 லிட்டர். ரோட்டுக்கு அதுவே போதும். சிப்பாங் வெயிலில் சுற்றப் போகும் மாதம் 5டபிள்யூ-30 ஊற்றுகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் ஊற்றித் தருவேன், நீண்ட வளைவுகளில் ஆயில் சூடு ஏறும்போது கொஞ்சம் தடிமனான ஆயில் நல்லது. இந்த என்ஜினில் ஃபில்டர் மேலேயே கண்ணெதிரே இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம், சுற்றிலும் துணி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். ட்ரெயின் நட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், சில காசு பொருள்தான். ஆயில் அளவை வாரம் ஒருமுறை குச்சியில் பாருங்கள்.

தொண்ணூறாயிரம் ஓடிய வண்டியில் கியர்பாக்ஸ் ஆயிலையும் பின்டிஃப் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல்) ஆயிலையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் சில நிமிடம் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கிறதா? புது ஆயில் ஊற்றினால் ஓரளவு குறையும். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90, மேனுவலில் சொன்ன ஜிஎல்-3 அல்லது ஜிஎல்-4, ஏறக்குறைய 2.2 லிட்டர். டிஃபுக்கு ஜிஎல்-5, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டையும் மாற்றி ஊற்றிவிடக்கூடாது, டிஃப் ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றினால் கியர் மிருதுவாக விழ உதவும் சின்க்ரோ வளையத்துக்கு நல்லதில்லை. இன்னொன்று, ஊற்றும் நட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, அது கழன்றால் மட்டும் இறக்கும் நட்டைக் கழற்றுங்கள்.

பிளக் மாற்றும் நேரமும் வந்துவிட்டது. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் என்ஜின் என்பதால் பிளக் இரண்டு பக்கவாட்டிலும் ஒளிந்திருக்கும், கை போக இடம் இல்லை, எக்ஸ்டென்ஷனைத் துண்டு துண்டாக உள்ளே விட்டு மாட்டித்தான் கழற்ற வேண்டும். அதனால் கூலி பிளக் விலைக்குப் பக்கத்தில் வரும், அதைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள், மலிவான பிளக் போட்டு அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவந்தால் அதுதான் நட்டம். 97 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள், கம்ப்ரெஷன் 12.5க்கு 1, 95 போட்டு மலை ஏற்றுவது அந்த என்ஜினுக்கு அழகில்லை.

ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், பேட்டரி எல்லாம் பார்த்தால் தெரியும் விஷயங்கள். டயரில் மட்டும் நின்று பாருங்கள். இந்த வண்டிக்குக் கம்பெனியில் வந்தது 215/45 ஆர்17 மிஷ்லின் பிரைமசி, பிரியஸிலும் அதே பெயர் டயர்தான், வேண்டுமென்றே பிடி குறைந்ததைக் கொடுத்தார்கள், வண்டி விளையாட்டாக வழுக்க வேண்டும் என்று. உங்களிடம் இப்போது என்ன டயர் இருக்கிறது, எந்த வருடம் தயாரித்தது? பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசியில் ரோட்டைப் பிடிப்பது டயர்தான், பழைய டயரோடு விலை உயர்ந்த பேட் போட்டால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சீக்கிரம் துடிக்கும், அவ்வளவுதான் கிடைக்கும்.


ஜூரோங்_ஓட்டி

டிராக் போகும் மாதம் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதில் 312 டிகிரி, காஸ்ட்ரோல் எஸ்ஆர்எஃப் 320. எஸ்ஆர்எஃப் விலை மிக அதிகம், ஆனால் ஈரம் ஏறிய பிறகும் 270இல் நிற்கிறது, மோட்டுல் அந்த நிலையில் 205. அடிக்கடி மாற்றுகிறவருக்கு மோட்டுல் போதும். பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் டிராக்குக்கு எடுத்துப் போகாதீர்கள், ரோட்டுக்கு அது இன்னும் பல மாதம் வரும், ஆனால் தடிமன் குறைந்தால் சூட்டைத் தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை, நேராக ஆயிலுக்குப் போய்விடும். பிட்டுக்கு (தடத்தின் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வரும் முன் ஒரு சுற்று பிரேக் அதிகம் பிடிக்காமல் ஆற விட்டு வாருங்கள்.


கிள்ளான்_86

டயர் 2016இல் தயாரித்தது, அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ரீகால் வேலை முடிந்துவிட்டதாக சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள், கசிவு எதுவும் தெரியவில்லை. பேட் கைக்கு வந்துவிட்டது, ஆயிலும் பின்னும் நாளை மாற்றுகிறோம். கடைசியாக ஒன்று: புது பேட்டைப் பழக்குவது எப்படி? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலையில் இரவு ஓட்டினால் போதுமா?


பட்டறைக்காரன்_பிஜே

போதும், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பாருங்கள். முதலில் டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடுங்கள், பழைய பேட்டின் படிவு திட்டுத்திட்டாக இருந்தால் சொரசொரப்புத் தாளால் லேசாகத் தேயுங்கள். கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிச் சூடேற்றிவிட்டு, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து முப்பது வரை, ஏபிஎஸ் துடிக்காத அளவுக்கு நன்றாக அழுத்திப் பிடியுங்கள், முழுதாக நிறுத்தாமல் விட்டு மறுபடி வேகம் எடுங்கள். எட்டு, பத்து தடவை செய்யுங்கள். நடுவில் வாடை வரும், வரட்டும். அதன் பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள்.

சூடாக இருக்கும்போது டோல் சாவடியிலோ சிக்னலிலோ பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், பேட் பட்ட இடத்தில் மட்டும் கலவை அப்பிக்கொள்ளும், அப்புறம் ஸ்டீயரிங் நடுங்கும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று எவராவது புது டிஸ்க் விற்றுவிடுவார்கள். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக்குக்குப் பின்டிஸ்க்கின் உள்ளே தனி டிரம் இருக்கிறது, பேட்டைத் தொடாது, அதனால் கை பிரேக் போட்டு நிற்கலாம், தவறில்லை. மறுநாள் காலையில் டிஸ்க்கைப் பாருங்கள், முகம் முழுக்க ஒரே சீராக மங்கிய சாம்பல் நிறம் ஏறியிருக்க வேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் இதையே இன்னொரு முறை செய்யுங்கள், அது சீரான பிறகு கெந்திங் பக்கம் போகலாம்.